மூன்றெழுத்தில் நின்ற பெயர்

கடலோரச் சிற்றாலயத்தில் தனியே தவமிருந்த கிளாரம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தவர் வியாகுலம். அம்மாவைவிட வயதில் மூத்தவர். குருமடத்தில் கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

பீடத்தின் முகப்பில் மூன்று எழுத்துகள் மங்கிக் கிடந்தன. அவற்றுக்குப் புதிதாகத் தங்க வர்ணம் பூசச் சொல்லியிருந்தார் அம்மா. மார்கழி விடியல். ஆலயத்துக்குள்ளும் பனி புகுந்திருந்தது. மெழுகுதிரிகள் தண்ணீருக்கடியில் எரிவது போலிருந்தன. வியாகுலம் தூரிகையோடு தயங்கி நின்றார்.

“அம்மா, இது இயேசு என்ற பெயரின் கிரேக்கத் தொடக்கம். மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது. ஆண்டவர் பெயரை யாராவது பாதியில் விடுவார்களா?”

“என்ன செய்யணும்ங்கிறீங்க?”

“மீதியையும் சேர்த்து எழுதிவிடவா? பக்கத்தில் இடம் இருக்கிறது.”

அம்மா வாய் திறக்குமுன் கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. இருவரும் வெளியே வந்தார்கள்.

கடலைக் காணோம். வானமும் இல்லை. எங்கும் ஒரே வெண்மை. அலை மட்டும் எங்கோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. முழங்காலளவு தண்ணீரில் செலஸ்தீனா நின்றிருந்தாள். மீன்பிடிக்கப் போன அவள் கணவன் மனுவேலின் வள்ளம் இன்னும் திரும்பவில்லை. கரையை ஒட்டி நெடுகப் பாறை. பனியில் திசை தப்பினால் வள்ளம் தப்பாது.

“ரொம்ப நேரமா கூப்பிடுறியாம்மா?” என்று கேட்டார் கிளாரம்மா.

அவள் தலையசைத்தாள். மறுபடி கடலைப் பார்த்தாள். “மனு...” அதற்குமேல் தொண்டை அடைத்தது. அடுத்த முறை “ம...” என்பதோடு காற்றுதான் வந்தது.

வியாகுலம் கைகளை வாயருகே குவித்து, “மனுவேல் பர்னாந்து” என்று முழுப் பெயரையும் கூவினார். பனி அதை விழுங்கிக்கொண்டது. இன்னொரு முறை கூவினார்.

“அவ கூப்பிடட்டும், அண்ணாச்சி” என்றார் அம்மா.

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துத் துடுப்புச் சத்தம் கேட்டது. தூக்கத்திலிருந்து வெளிப்படுவதுபோல வெண்மைக்குள்ளிருந்து வள்ளம் மெல்ல வந்தது. மனுவேல் குதித்து இறங்கினான். செலஸ்தீனா அவன் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் கூப்பிட்டது கேட்டதா?” என்றார் வியாகுலம்.

“யாரோ பேர் சொன்ன மாதிரி இருந்துச்சு, ஐயா. எந்தப் பக்கம்னு பிடிபடல. அப்புறம் ‘ம’ன்னு ஒரு சத்தம். அந்தப் பக்கமா துடுப்பு வலிச்சோம்.”

“உன்னோடு வள்ளத்தில் மரியானும் இருக்கிறானே, அவன் பெயரும் ‘ம’தானே. உன்னைத்தான் என்று எப்படித் தெரிந்தது?”

மனுவேலுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “இவ குரலாச்சே, ஐயா” என்றான்.

ஆலயத்துக்குத் திரும்பிய வியாகுலம் மூன்று எழுத்துகளுக்கும் வர்ணம் பூசினார். மீந்திருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

“இதற்குமேல் எழுதலாமா கூடாதா, அம்மா?”

“எழுதலாம், அண்ணாச்சி. தொண்டை அடைக்காம அந்தப் பேரைச் சொல்லி முடிக்க முடிஞ்சவங்க தாராளமா எழுதலாம்.”