தெய்வநாயகம் காவி கேட்டது

புளியங்குடிக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, பின்னால் முப்பது எலுமிச்சை மரங்கள். அங்கே இருந்தவர் மாசிலாமணி அடிகள். அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் வந்துபோன சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

தெய்வநாயகமும் அப்படித்தான். ஐம்பத்தொரு வயது. ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருஷமாகச் சேலை எடுத்துப் போடுகிறவர். வெள்ளிக்கிழமை தோறும் கடை திறக்கும் முன் மடத்துக்கு வந்து போவார்.

தை மாதம் ஒரு வெள்ளி. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, எனக்குக் காவி கொடுங்க."

"எதுக்கு?"

"பற்று விட்டுப்போச்சு."

"எதுமேல?"

"எல்லாத்து மேலயும்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

அடிகள் அவர் முகத்தைப் பார்த்தார். சவரம் செய்திருந்தார். ஆனால் தாடையில் ஒரு பக்கம் அப்படியே விட்டுப்போயிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் வந்திருந்தார்.

"தரலாம். முதல்ல, எதையெல்லாம் விடுதீங்கன்னு ஒரு தாள்ல எழுதணும். அதை வீட்டம்மாகிட்ட வாசிச்சுக் காட்டணும். அவங்க சம்மதம்னு சொன்னா வாங்க."

தெய்வநாயகம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடை பில் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்தார். உடனேயே எழுதிவிட்டார். வீடு. மனைவி செண்பகவல்லி. மகள் கோமதி. வேலை. பைக். மொத்தம் ஐந்து வரி.

"எழுதிட்டேன் சாமி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"காவி கட்டி இங்க வந்து நீங்க உக்காந்த பிறகு, உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கல்லா, அவங்க யாரு?"

தாளை மடிக்கப்போன தெய்வநாயகம் அதைத் திரும்பப் பிரித்தார்.

"அவங்களையும் எழுதுங்க."

வெகுநேரம் பேனா அசையவில்லை. பிறகு எழுத ஆரம்பித்தார். வங்கி நகைக்கடன். பைனான்ஸ் சுடலைமுத்து. கடை முதலாளியிடம் வாங்கிய முன்பணம். கூட வேலை பார்க்கிறவரிடம் கைமாத்து. செண்பகத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது வாங்கியது, கோமதியை நர்சிங் சேர்த்தபோது வாங்கியது, அவற்றுக்கு வட்டி கட்ட வாங்கியது. தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார். ஒன்பது இடங்கள்.

"கூட்டிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல சாமி."

"கூட்டுங்க."

பத்துச் சேலைக்கும் மனக்கணக்காக பில் போடுகிற மனிதர். மேலிருந்து கீழே ஒருமுறை கூட்டினார். கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டினார். இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் வந்தது. பேனாவை மூடினார்.

"நாலு லட்சம் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

தாளை அடிகளிடம் நீட்டினார். அடிகள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? வீட்ல வாசிங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சாமி."

"அதனாலதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை விடுமுறை. செண்பகவல்லி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தெய்வநாயகம் எதிரே வந்து உட்கார்ந்தார். தாளைப் பிரித்தார். கண்ணாடி இல்லை. உள்ளே போய் எடுத்துவந்தார்.

முதல் ஐந்து வரி வாசித்ததும் அவள் கை நின்றது. தன் பேரை அந்தத் தாளில் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை.

"என்னது இது?"

"சொல்லுதேன். முழுசாக் கேளு."

ஒன்பதையும் வாசித்து முடித்தார். தலை நிமிரவில்லை. அவள் சத்தம் போடுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தார்.

"இத்தனையையும் மனசுல வச்சுக்கிட்டுத்தானா தெனமும் வந்து உக்காந்து சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துது."

அவள் கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். உள்ளே அடகு ரசீது.

"பத்தாவதா இதையும் எழுதுங்க. என் வளையல் ரெண்டு. பத்தாயிரம்."

அவர் அவள் கையைப் பார்த்தார். வளையல் இருந்தது.

"இது கவரிங். கார்த்திகையில இருந்து இதுதான்."

"எதுக்கு வச்சே?"

"சுடலைமுத்து வீட்டுக்கு வந்தார். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. வாசல்ல நின்னு பேச வேண்டாம்னு மூணு மாச வட்டியைக் கொடுத்து அனுப்பினேன். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சா நீங்க ஒடஞ்சிருவீங்கன்னு."

"அந்த மூணு மாச வட்டியை நானும் கொடுத்தேனே, செண்பகம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். இரண்டுபேருமாகச் சேர்ந்து மீதிக் கீரையை உருவினார்கள்.

கொஞ்சநேரம் கழித்து அவள் கேட்டாள்.

"மேல அஞ்சு வரி எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

அவர் காவி கேட்டதைச் சொன்னார். அவள் கீரைக் காம்புகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டி அள்ளினாள்.

"நாளைக்குக் காலையில நானும் மடத்துக்கு வாரேன்" என்றாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். செண்பகவல்லி அடிகளை வணங்கிவிட்டு நின்றபடியே பேசினாள்.

"சாமி, சம்மதம் கேக்கார். போறேன்னா போகட்டும். ஆனா இந்தப் பத்துப் பேரும் நாளைக்கு என்கிட்டதான் வருவாங்க. நான் எங்க போய் காவி கேக்க?"

"நீங்களும் கேட்டா, உங்க வீட்டம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லணும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லையே" என்றார் அடிகள்.

அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு தெரிந்தது. தெய்வநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாளை இப்பக் குடுங்க" என்றார் அடிகள்.

ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தவர் ஒன்பதாவது வரியில் நின்றுவிட்டார்.

"மளிகைக்கடை மரியதாஸ். ஏழாயிரத்தைந்நூறு. இது என்ன?"

செண்பகவல்லிதான் சொன்னாள்.

"ஐப்பசியில இவங்கப்பா நெனவு நாளுக்கு மடத்துல அன்னதானம் செஞ்சாங்கல்லா. அந்தச் சாமான்."

"கடனுக்கா வாங்குனீங்க?"

"வருஷா வருஷம் செய்யறது. இந்த வருஷம் விட்டா ஊர்ல கேப்பாங்க" என்றார் தெய்வநாயகம்.

அடிகள் தாளை மடித்தார். அன்றைக்கு எழுபதுபேர் சாப்பிட்டார்கள். அவரும் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்று இவரிடமே சொன்னதும் நினைவிருந்தது.

எழுந்து தோட்டத்துக்குப் போனார். இவர்கள் இருவரும் காத்திருந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அந்த வாரச் சந்தையில் ஊரே வேடிக்கை பார்த்தது. வெங்காயக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்து மாசிலாமணி அடிகள் உட்கார்ந்திருந்தார். முன்னால் எலுமிச்சம்பழம், பத்துப் பத்தாகக் கூறு வைத்திருந்தது.

"என்ன சாமி, இங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"மரியதாஸ் கடையில ஒரு பாக்கி இருக்கு."

தெய்வநாயகத்துக்குக் கடையில் யாரோ சொன்னார்கள். சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சாமி, எந்திரிங்க. காலைப் பிடிச்சுக் கேக்குதேன்."

"ஒரு கூறு முப்பது ரூபாய்."

"அது என் கடன் சாமி."

"சாப்பிட்டது நான்."

"எல்லாரும் பாக்காங்க."

"வாங்கத்தானே வந்திருக்காங்க. பாத்தாத்தான் வாங்குவாங்க."

"உங்களுக்குக் கூச்சமா இல்லையா சாமி? எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

"எனக்குக் கால்தான் மரத்துப்போச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் உக்காருங்க, நான் எந்திரிச்சு நடந்துட்டு வாரேன்."

அடிகள் எழுந்து போய்விட்டார். தெய்வநாயகம் வேறு வழியில்லாமல் சாக்கில் உட்கார்ந்தார். முதலில் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் வந்து கூறு என்ன விலை என்று கேட்டாள். சொன்னார். அடுத்தவர் அவருக்குத் தெரிந்தவர்.

"என்ன அண்ணாச்சி, நீங்க இங்க?"

தெய்வநாயகம் கலைந்திருந்த ஒரு கூறை அடுக்கி வைத்தார்.

"மரியதாஸ்கிட்ட ஒரு பாக்கி. நாந்தான் வாங்குனது" என்றார்.

வந்தவர் "அப்படியா" என்றார். இரண்டு கூறு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். தெய்வநாயகம் அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டுச் சந்தையில் அந்தப் பாக்கி அடைந்தது. நாலாவது சந்தையிலிருந்து தெய்வநாயகம் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு மணிநேரம் வந்து அடிகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இதற்கிடையில் அவரும் செண்பகவல்லியும் மற்ற ஒன்பது இடங்களுக்கும் நேரில் போனார்கள். மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொன்னார்கள். ஒருவர் சத்தம் போட்டார். ஒருவர் காபி கொடுத்தார். சுடலைமுத்து நோட்டைப் புரட்டிவிட்டு, "ரெண்டுபேரும் சொல்லாதீங்கன்னீங்க. நான் சொல்லல" என்றார். செண்பகவல்லி அந்த நோட்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதாக வந்த வட்டியை அசலில் கழிக்கவைத்த பிறகுதான் எழுந்தாள்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த முதல் ஞாயிறு, பாயில் பணத்தைப் போட்டு இருவரும் பிரிப்பார்கள். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணியில் செண்பகவல்லி சின்னச் சின்னப் பைகள் தைத்திருந்தாள். பால், வாடகை, கோமதி விடுதி, ஒவ்வொரு கடனுக்கும் ஒன்று. தையல் கூலியும் அதில் சேர்ந்தது. மூன்று கடன் முடிந்து அந்தப் பைகள் வேலையில்லாமல் போயின. தெய்வநாயகம் இரவில் தூங்கினார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளி. அவர் மடத்துக்கு வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"சாமி, ஒரு நியாயம் கேக்கணும்."

"கேளுங்க."

"கடனை அடைக்கணும்னு நான் பாலை அரை லிட்டர் ஆக்கிட்டேன். மத்தியான டீயை விட்டேன். பேப்பரை நிறுத்திட்டேன். கடைசியில இவ என்ன செய்யுதா தெரியுமா? புதுசா ஒரு பை தச்சிருக்கா. முந்நூறு ரூபாய் அதுல போட்டுட்டா."

"எதுக்காம்?"

"குற்றாலத்துக்கு. கோமதி லீவுல வந்திருக்கா. மூணுபேரும் போயிட்டு வரணுமாம். ஆறு இடத்துல கடன் நிக்கும்போது அருவியில போய் குளிக்கச் சொல்லுதா. நான் முடியாதுன்னுட்டேன். நேத்திலேர்ந்து ரெண்டுபேரும் பேச மாட்டேங்காங்க."

"எப்ப போகலாம்னு நீங்க சொன்னீங்க?"

"கடனெல்லாம் முடியட்டும். அப்புறம் போவோம்."

"எப்ப முடியும்?"

"கணக்குப் போட்டு வச்சிருக்கேன் சாமி. இப்படியே கட்டிக்கிட்டு வந்தா ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"அப்ப கோமதி எங்க இருப்பா?"

தெய்வநாயகம் யோசித்தார்.

"படிப்பு முடிஞ்சிருக்கும். வேலைக்குப் போயிருவா. சென்னையோ பெங்களூரோ."

"வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆன பிறகு எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம்."

"அருவியில தண்ணி விழுதா?"

"நல்லா விழுதாம். நேத்து கடைக்கு வந்தவங்க சொன்னாங்க."

அடிகள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்தார். தெய்வநாயகம் பதிலுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

"தென்காசிக்குக் காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் அடிகள்.