மீந்துபோன பத்தொன்பது சரிபார்ப்புகள்

கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

திருச்சி தில்லைநகரில் ஞானசுந்தரி என்ற ஓய்வுபெற்ற செவிலியர் ஒரு நிறுவனம் நடத்திவந்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்புவது தொழில். ஒருமுறை போலி அட்டை காட்டிச் சேர்ந்த ஒருத்தி, நகையை எடுத்துக்கொண்டு போகும்போது, பேச முடியாத நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கதவை உடைத்தபோது உயிர் இல்லை. அன்றிலிருந்து, அரசின் அடையாளச் சரிபார்ப்புச் சேவையில் பார்க்காமல் யாரையும் எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது என்று ஞானசுந்தரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சேவையை நிறுவனங்கள் இலவசமாகப் பயன்படுத்த முடியாது. ஆண்டுக்கு நூறு சரிபார்ப்புகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மார்ச் கடைசிக்குள் பயன்படுத்தாதது காலாவதியாகிவிடும். அட்டை எண்ணையும் பெயரையும் போட்டால் சரியா தவறா என்று பதில் வரும். கூடவே, இன்ன ஊரில் இன்ன நிறுவனம் சரிபார்த்தது என்று அட்டையோடு பதிவான கைபேசிக்கு ஒரு செய்தியும் போகும்.

இந்த வேலையைப் பார்த்தவள் இன்பவல்லி. ஆறு வருடமாக அலுவலகத்தில் இருந்தாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. போன மே மாதம் செல்லக்கிளி என்ற பெண் வேலை கேட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இடது காது மடல் பாதி இல்லை. அட்டையைக் கொடுத்தவள் கையை எடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நம்பரை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்றாதீங்க. மெசேஜ் என் வீட்டுக்காரரு போனுக்குத்தான் போகும். நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சா விட மாட்டாரு."

கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்று இன்பவல்லி கேட்டாள். மாற்றினாலும் பழைய எண்ணுக்குத் தகவல் போகுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள் செல்லக்கிளி. இன்பவல்லி அந்தக் காதைப் பார்த்தாள். போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

செல்லக்கிளியை ஸ்ரீரங்கத்தில் பக்கவாதத்தில் கிடந்த ஒரு பெரியவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய மகன் வெளிநாட்டில். பத்து மாதத்தில் பெரியவரின் முதுகுப் புண்கள் ஆறின. இப்படி ஒருத்தி எங்கே கிடைப்பாள் என்று மகன் ஞானசுந்தரிக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். வங்கிக் கணக்குத் தொடங்கவும் செல்லக்கிளி பயந்தாள். மாதம் ஐந்தாம் தேதி அலுவலகத்துக்கு நேரில் வந்து சம்பளத்தை வாங்கிப்போவாள். மற்ற நாட்களில் அந்த வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலை ஞானசுந்தரி கணினியைத் திறந்து பார்த்தார். பத்தொன்பது சரிபார்ப்புகள் மீதி இருந்தன. கட்டிய பணம் வீணாவதில் அவருக்குச் சம்மதமில்லை. அதைவிட, தனியாக இருக்கும் நோயாளிகளிடம் அனுப்பிய பெண்களை இன்னொரு முறை பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று நினைத்தார். பட்டியலை இன்பவல்லியிடம் கொடுத்து, வாசிக்கச் சொன்னார். தான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார்.

பதினைந்தாவது பெயர் செல்லக்கிளி.

ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவர்கள்தானே மேடம், எதற்கு மறுபடியும் என்று இன்பவல்லி கேட்டுப் பார்த்தாள். ஞானசுந்தரி திரும்பக்கூட இல்லை. "நம்பரைச் சொல்லும்மா."

உண்மையைச் சொன்னால் பதிவேட்டில் எழுதிய பொய் வெளியே வரும், வேலை போகும். ஓர் இலக்கத்தை மாற்றி வாசித்தால் 'தவறு' என்று வரும். செல்லக்கிளியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இன்பவல்லி எண்ணைச் சரியாகவே வாசித்தாள். திரையில் பச்சை நிறத்தில் 'சரி' என்று வந்தது.

தினமும் எத்தனையோ செய்திகள் வருகின்றன, அவன் பார்த்திருக்கமாட்டான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். செல்லக்கிளியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கைபேசியை எடுத்தாள். என்னவென்று சொல்வது? வாக்குக் கொடுத்த வாயாலேயே எண்ணை வாசித்தேன் என்றா? வைத்துவிட்டாள். ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாம் தேதி பகல் பதினோரு மணிக்குச் செல்லக்கிளி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். எதிர்ச் சாரி டீக்கடையில் முந்தின நாளிலிருந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, சாலையைக் கடந்து வந்தான். இன்பவல்லி சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இரண்டாம் நாள் செல்லக்கிளி இறந்தாள்.

கத்தி எடுத்தவனைச் சட்டம் பிடித்துக்கொண்டது. அவனைப்பற்றிக் கேள்வி இல்லை. ஆனால் பிணவறை வாசலில் பேச்சு வேறாக இருந்தது. கட்டின காசு வீணாகக் கூடாதென்று என் தங்கச்சியைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று செல்லக்கிளியின் அண்ணன் ஞானசுந்தரியைப் பார்த்துச் சொன்னான். எண்ணை மாற்றாமல் பத்து மாதம் இருந்தது இறந்தவளின் தவறு என்றார் இன்ஸ்பெக்டர். ஞானசுந்தரி, எனக்குத் தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா என்று மட்டும் சொல்லி அழுதார். தனக்கு முன்பே தெரிந்திருந்ததை இன்பவல்லி யாரிடமும் சொல்லவில்லை.

பணம் கட்டியவர், பயந்து ஒளிந்தவள், வாக்குக் கொடுத்தவள். இம்மூவரில் இந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: இன்பவல்லி. பதிவேட்டில் பொய் எழுதியதற்காக அல்ல; அது ஒரு பெண்ணைப் பத்து மாதம் உயிரோடு வைத்திருந்தது. எண்ணை வாசித்ததைக்கூட, பதறிப்போய்ச் செய்ததென்று மன்னிக்கலாம். ஆனால் செய்தி போனது ஞானசுந்தரிக்குத் தெரியும், அது யார் கைக்குப் போகிறது என்று தெரியாது. யார் கைக்குப் போகும் என்று செல்லக்கிளிக்குத் தெரியும், போய்விட்டது என்று தெரியாது. இரண்டையும் அறிந்தவள் ஒருத்திதான். 'இந்த மாதம் வராதே, சம்பளத்தை நானே கொண்டுவருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் வேலை போகவில்லை. ஏப்ரலில் புதிய ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்டியதும் அவள்தான்.