ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்காதது

ஒரு ஸ்டெதாஸ்கோப் இருந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் ஞானசுந்தரியின் கழுத்தில் பத்து வருஷம் தொங்கியது. மனுஷ நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் தனக்கு அத்துபடி என்று அதற்கு ஒரே பெருமை.

திடீரென்று டாக்டர் அந்த வேலையை விட்டுவிட்டு, பஸ் போகாத ஒரு மலையூரில் குடியேறினார். ஏன் என்று ஸ்டெதாஸ்கோப்புக்கு விளங்கவில்லை. ஆனாலும் கூடவே போயிற்று.

அங்கே தேனெடுக்கும் சடையன் இருமி இருமி ரத்தம் துப்பினார். ஸ்டெதாஸ்கோப் அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கேட்டது. உள்ளே கரகரவென்றது. சளியைச் சோதித்ததில் காசநோய் என்று உறுதியாயிற்று. டாக்டர் மாத்திரை கொடுத்தனுப்பினார்.

ஒரு மாதமாகியும் சடையன் திரும்பி வரவில்லை. டாக்டரே அவர் குடிசைக்கு ஏறிப் போனார். கரகரப்பு முன்னைவிட மோசமாயிருந்தது. மாத்திரைகள் கூரையில் செருகியபடி அப்படியே இருந்தன.

"ஏன் சடையன், போடலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு நாள் போட்டேன் டாக்டரம்மா. போட்டா அகோரமாப் பசிக்குது. வீட்டுல ஒருவேளைக் களிதான். புள்ளைங்க கையிலருந்து புடுங்கியா தின்னுவேன்?"

அடுத்த வாரம் டாக்டர் தோளில் ஒரு கேழ்வரகு மூட்டையோடு மலையேறினார். ஸ்டெதாஸ்கோப் நசுங்கியது.

"கொஞ்சம் தள்ளிக்கோ," என்றது மூட்டை.

"நீ என்ன மருந்தா?"

"இல்லை. களி கிண்டுற கேழ்வரகு."

"அப்புறம் உனக்கு இங்கே என்ன வேலை? நோயைக் கேட்டுச் சொன்னது நான்!"

"யாருக்குத் தெரியும்? தூக்கினாங்க, வந்தேன். அவருக்குப் பசின்னு நீ சொல்லலையா?"

"பசி எனக்குக் கேக்கவே இல்லையே!" ஸ்டெதாஸ்கோப்புக்குத் தலை சுற்றியது. "நான் பழுதாயிட்டேனா?"

வாரந்தவறாமல் டாக்டர் ஏறினார். மழையிலும் ஏறினார். சடையன் சாப்பிட்டு, மாத்திரை போடும்வரை பக்கத்திலேயே இருந்தார். ஆறு மாதத்தில் சடையனின் நெஞ்சு தெளிந்துவிட்டது.

"அதை நானும் ஒருதடவை வச்சுப் பாக்கட்டுமா?" என்றார் சடையன்.

டாக்டர் சிரித்தபடி காதில் மாட்டிவிட்டு, மறுமுனையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "என்ன கேக்குது?"

"திடுதிடுன்னு அடிக்குது." சடையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலைதானே? உக்காருங்க டாக்டரம்மா, களி சூடா இருக்கு."

ஸ்டெதாஸ்கோப் திகைத்துப் போயிற்று. அந்தச் சேதி தன் குழாய் வழியாகப் போகவே இல்லையே!