கையெழுத்துப் போடாதவள்

கேட்பவர்கள் நடுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கதை முடியட்டும், பிறகு சொல்லலாம்.

திருச்செங்கோட்டில் செல்வநாயகி தையல்கடை வைத்திருந்தாள். கணவன் சென்னியப்பன் போர்வெல் லாரிக்காரன். வருடத்தில் பாதி வடநாட்டில் கழிப்பவன். இருவருக்கும் ஒத்துவரவில்லை. கோர்ட்டில் விவாகரத்து ஆனது. நகை, பாத்திரம், வீடு எல்லாம் பிரிந்தன. மகள் மித்ரா தாயோடு வந்தாள். கல்யாணமான புதிதில் இருவர் பேரிலும் சேர்த்து எடுத்த ஆயுள் காப்பீடு மட்டும் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

மறுவருடம் பிரீமியம் கட்டும் மாதம் வந்தது. அதற்குள் சென்னியப்பன் கௌசல்யா என்பவளை இரண்டாவதாகக் கட்டியிருந்தான். செல்வநாயகிக்கு மார்பில் புற்றுக்கட்டி எடுத்து, உதிர்ந்த முடி மறுபடி முளைத்துக்கொண்டிருந்தது.

ஏஜெண்ட் எல்லாரையும் தையல்கடையில் உட்காரவைத்து விளக்கினார். "இந்தப் பாலிசியில யாரு முந்திப் போனாலும் மத்தவருக்குத்தான் பணம். முடிச்சுக்கறதுன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும்."

"முடிச்சுரலாம்," என்றான் சென்னியப்பன். "எல்லாத்தையும் அத்துக்கிட்டாச்சு. இது மட்டும் எதுக்கு?"

செல்வநாயகியின் அண்ணன் பொன்னுசாமியும் அதையே சொன்னான். "போட்டுரு அம்மிணி. நீ பாடுபட்டுக் கட்டுவே, உனக்கு ஒண்ணுன்னா அவன் வாங்கிக்குவான்."

"நான் போடமாட்டேன்," என்றாள் அவள். "இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு இனிப் புதுசா ஒரு பாலிசிக்கு நான் எங்க போறது? நான் போயிட்டா மித்ராவுக்கு இது ஒண்ணுதான். பணம் இவரு கைக்கு வந்தா வரட்டும். புருசனா இவரு சரியில்லை. அப்பனா ஒரு குறை சொல்ல மாட்டேன்."

கௌசல்யா குறுக்கிட்டாள். "அவரு முந்திப் போனா? அதுக்குத்தான் காத்திருக்கறீங்களா?"

"அதுல எனக்கு ஒரு பைசா வேண்டாம். உங்களுக்கே குடுத்தர்றேன்."

சென்னியப்பன் எழுந்துவிட்டான். "உன்ற தானமும் வேண்டாம், வாக்கும் வேண்டாம். நீ எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லை."

அதன்பின் பிரீமியத்தை அவள் ஒருத்தியே கட்டினாள். அண்ணன் வருவதை நிறுத்திக்கொண்டான். விட்டுப்போன புருசன் சாவுக்குச் சீட்டுக் கட்டுகிறாள் என்று கடைவீதியில் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது. அடுத்த வருடமும் கட்டினாள்.

அதற்கடுத்த கோடையில், சத்தீஸ்கரில் துளை போடும்போது குழாய் சரிந்து சென்னியப்பன் இறந்துபோனான். உடல் ஊர் வந்ததும் செல்வநாயகி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் பங்காளிகள் மறித்தார்கள். "இவளுக்கு அவரு அப்பன். வழியை உடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். அங்கே கௌசல்யா நிறைமாதமாக உட்கார்ந்திருந்தாள்.

காப்பீட்டுப் பணம் செல்வநாயகிக்கு வந்தது. அண்ணனும் வந்தான். "சட்டப்படி முழுசும் உன்னுது. உன் வாக்கு வேண்டாம்னு அவனே சொல்லீட்டானே."

கௌசல்யா ஆளனுப்பாமல் தானே வந்தாள். "நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க. முழுசும் எனக்குத்தான் வரோணும்."

செல்வநாயகி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னாள். "அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. பாதி மித்ரா பேர்ல, பாதி பொறக்கப்போற பிள்ளை பேர்ல பேங்குல போடறேன். வளர்ந்து அதுங்களே எடுக்கட்டும். நானும் தொடமாட்டேன், நீங்களும் தொட முடியாது."

அவளுடைய அடுத்த ஸ்கேனுக்கே கையில் காசில்லாத நேரம் அது. அண்ணன் அவளைப் பைத்தியக்காரி என்றான். கௌசல்யா வாக்குத் தவறியவள் என்றாள்.

"கோவம் இருந்தா வெச்சுக்கங்க. நான் மாத்தப்போறதில்லை."

சட்டத்தைப் பிடித்த அண்ணனா, வாக்கைப் பிடித்த கௌசல்யாவா, இருவர் பேச்சையும் கேட்காத செல்வநாயகியா? இதில் யார் செய்தது சரி?

விடை: செல்வநாயகியே. அன்று அவள் சொன்னதில் இரண்டு வாக்கு இருந்தது. 'உங்களுக்கே தருகிறேன்' என்பதை, கௌசல்யாவுக்கும் சேர்த்து 'எங்களுக்கு வேண்டியதில்லை' என்று சென்னியப்பன் தள்ளினான், அவளும் அதைத் தடுக்கவில்லை. அது அங்கேயே விழுந்தது. 'எனக்கு ஒரு பைசா வேண்டாம்' என்பது அவள் தனக்கே சொல்லிக்கொண்டது. அதை அவிழ்த்துவிட இன்னொருவரால் ஆகாது. அதை அவள் மீறவில்லை. கௌசல்யாவுக்குப் பெண் பிறந்தது. குழந்தை பேரில் பேங்கில் பணம் போட, பிறப்புச் சான்றிதழைக் கேட்டு செல்வநாயகி அவள் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. மறுநாளும் போய் நின்றாள்.