சபை கொடுக்காத முரசுத் தோல்

வெகு காலத்துக்கு முன்பு மாந்துறை நாட்டைச் செண்டலங்காரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒருமுறை பக்கத்து நாட்டு ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் எல்லோர் இலையிலும் அப்பளம் விழுந்தது, இவர் இலையில் விழவில்லை. பரிமாறியவன் மறந்துவிட்டான், அவ்வளவுதான். நீங்களும் நானும் என்றால் "இங்கே ஒரு அப்பளம் போடப்பா" என்று கேட்டு வாங்கியிருப்போம். ராஜா கேட்பாரா? பாயசம்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, "படையெடுக்கிறேன்!" என்றார்.

அந்த நாட்டில் நினைத்தவுடன் படையெடுத்துவிட முடியாது. போர் முரசின் மரக்கூடு அரண்மனையில் இருக்கும். அதன் தோலோ நாட்டார் சபையிடம் இருக்கும். ஊருக்கு ஒருவராக ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் கூடும் சபை அது. ராஜா அங்கே போய்க் காரணம் சொல்ல வேண்டும். சபை சம்மதித்தால் தோலைக் கொண்டுவந்து கட்டுவார்கள். முரசுச் சத்தம் கேட்டதும் வயலில் நிற்கும் வீரர்கள் வேலோடு ஓடிவந்து அது ஒலிக்கும் இடத்தில் கூடுவார்கள். அடித்தவர் கைகாட்டும் பக்கம் போவார்கள். கேள்வியே கேட்க மாட்டார்கள், ஏனென்றால் கேட்க வேண்டியதைச் சபை முன்பே கேட்டிருக்கும்.

ராஜா சபைக்குப் போனார். சபைத் தலைவர் பெருங்காடர் பொறுமையாகக் கேட்டார்.

"அறுப்புக் காலம் ராஜா. ஒரு அப்பளத்துக்காக எங்கள் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க மாட்டோம். தோல் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

ராஜா முகம் கடுகடுவென்று திரும்பினார். தளபதி வீரகண்டன் இதற்காகவே காத்திருந்தான். மந்திரி கூத்தபிரானுக்கு அவையில் இருந்த மரியாதையைக் கண்டு வெகுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்தவன் அவன்.

"மகாராஜா, ஒரு தோலுக்காகவா இவர்களைக் கெஞ்சுவது? நாமே ஒரு தோலைக் கட்டிவிடுவோம். வீரர்கள் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள், தோலை யார் பார்க்கிறார்கள்?"

"பலே! மந்திரியாருக்கு ஏன் இது தோன்றவில்லை?"

"தோன்றியது மகாராஜா, பயமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை" என்றார் கூத்தபிரான்.

"பயந்தவருக்கு மந்திரி பதவி எதற்கு? இன்னொரு வார்த்தை பேசினால் வீட்டுக்குப் போய்விடலாம்!"

கூத்தபிரான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பதவி போனால் போகட்டும், ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்பதுதான் அவர் கவலை. நேராகப் பெருங்காடரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினார். பிறகு, புதுத் தோல் கட்டி முடித்த முரசைத் தடவிக்கொண்டிருந்த தளபதியிடம் வந்தார்.

"தளபதியாரே, புதுத் தோல். சத்தம் எழும்புமா? நாளைக்கு ராஜா முன்னால் இது தொப்பு தொப்பென்று கேட்டால் யாருக்கு அவமானம்?"

"என் முரசா? மலை அதிரும் ஐயா!"

"அதிரும், அதிரும். நான் காதால் கேட்டால் நம்புகிறேன்."

வீரகண்டனுக்குச் சுருக்கென்றது. அடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று முரசைத் தன் மாளிகை வாசலுக்கே வண்டியில் ஏற்றிப் போனான். மறுநாள் காலை மீசையை முறுக்கிக்கொண்டு ஓங்கி அடித்தான். சத்தம் நன்றாகத்தான் எழும்பியது. அதில் அவனுக்கே ஆனந்தம் தாங்கவில்லை, நிறுத்தாமல் அடித்தான்.

அந்த நேரம் ராஜா எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தார். முரசு கேட்டதும் எண்ணெய் சொட்டச் சொட்ட மாடிக்கு ஓடினார். மந்திரி அங்கே முன்பே நின்றிருந்தார்.

"யார் அடிப்பது? நான் இன்னும் உத்தரவு போடவில்லையே!"

"உத்தரவு எதற்கு மகாராஜா? சபையைக் கேட்காமல் அடிக்கலாம் என்று ஆகிவிட்டது. இனிக் கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் அடிக்கலாம்."

ராஜா பார்த்தார். வயல்களிலிருந்து அவருடைய படை முழுவதும் ஓடிவந்து தளபதியின் மாளிகையைச் சூழ்ந்து நின்றது. "தளபதியாருக்கு ஜே!" என்ற கோஷம் அரண்மனைவரை கேட்டது. வீரகண்டன் பதறிப்போய், 'ராஜாவைக் கேட்டு வருகிறேன், பொறுங்கள்' என்று சொல்ல வாயெடுத்து அரண்மனைப் பக்கம் கையை நீட்டினான். கூச்சலில் அவன் பேச்சு யார் காதிலும் விழவில்லை, கை மட்டும் தெரிந்தது. வேல்கள் எல்லாம் அரண்மனையை நோக்கித் திரும்பின.

ராஜா மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மந்திரியாரே, இங்கேதான் வருகிறார்கள்! நான் போய் நிற்கச் சொல்லட்டுமா?"

"முரசு ஒலித்த பிறகு அவர்கள் உங்களுக்கும் நிற்க மாட்டார்கள், எனக்கும் நிற்க மாட்டார்கள். சபை சொன்னால் நிற்பார்கள்."

"அப்படியானால் கூப்பிடும், ஐயா, கூப்பிடும்!"

பெருங்காடர் கீழே தயாராக நின்றிருந்தார். கோட்டை வாசலைத் திறந்துகொண்டு தனியாக வெளியே போனார். ஓடிவந்த கூட்டம் அவரைக் கண்டதும் நின்றது.

"அந்த முரசில் இருப்பது நாங்கள் கொடுத்த தோல் இல்லையப்பா. போரும் இல்லை, ஒன்றும் இல்லை. போய் அறுப்பைப் பாருங்கள், நெல் உதிர்கிறது!"

முன்வரிசையில் நின்றவர்கள் வேல்களைத் தாழ்த்தினார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு எழுந்தது. கழுத்துவரை வந்த கத்தி விலகியதுபோல எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பெற்ற தாய்மார்கள் வரப்பில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். மாடியில் ராஜா எண்ணெயும் வியர்வையுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிழைத்தோம் என்ற நிம்மதியில் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

பிற்பகல் அவை கூடியது. வீரகண்டன் தலை நிமிரவில்லை. "சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான் அடித்தேன் மகாராஜா" என்று முனகினான்.

"வந்தது. எனக்கு நன்றாகவே கேட்டது" என்றார் ராஜா. "உன் சத்தத்தால் அறுப்பை விட்டு ஓடிவந்தார்களே, அவர்களோடு இறங்கிக் கதிர் அறு. மீசை முறுக்கக் கை ஒழியாமல் இருக்கட்டும்."

கூத்தபிரானைக் கூப்பிட்டுத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். பிறகு பெருங்காடர் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, எனக்கு இனி இந்த வம்பே வேண்டாம். மரக்கூட்டையும் நீங்களே கொண்டுபோங்கள். முழு முரசும் சபையிடமே இருக்கட்டும்."

பெருங்காடர் கும்பிட்டார்.

"வேண்டாம் மகாராஜா. இரண்டும் எங்களிடமே இருந்தால், எங்களுக்கு அப்பளம் கிடைக்காத அன்றைக்கு யார் எங்களைத் தடுப்பது?"