அரசன் வயிற்றுத் தவளை

சின்னவர்களே, பெரியவர்களே, காதைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். வெகு காலத்துக்கு முன்னால் காரிவளவன் என்று ஓர் அரசன் இருந்தான். புலிக்கும் அஞ்சமாட்டான், போருக்கும் அஞ்சமாட்டான்.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் தாகம் தாங்காமல் குளத்து நீரை அள்ளிக் குடித்தான். தொண்டையில் ஏதோ வழுக்கியது.

"ஐயோ, தவளையை விழுங்கிவிட்டேன்!"

அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. "நான் தின்றால் அது வளரும். கேளுங்கள், கொர் கொர் என்று கத்துகிறது!"

மூன்று வைத்தியர்கள் வந்தார்கள். நாடி பார்த்தார்கள். "தவளையும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அரசன் நம்பவில்லை. எலும்பும் தோலுமானான்.

பிறகு மாசாத்தி என்ற வைத்தியச்சி வந்தாள். அரசனைக் கண்டதும் அவளுக்குப் பகீரென்றது. இனியும் பட்டினி கிடந்தால் பிழைக்கமாட்டான். வாந்திக்கு மருந்து கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக் குமட்டியபோது, மறைத்து வைத்திருந்த குட்டித் தவளையை வட்டிலில் விட்டாள்.

"இதோ, வந்துவிட்டது அரசே!"

அரசன் துள்ளினான். இரண்டு ஆள் சோறு தின்றான்.

ஒரு வாரம் போனது. "மாசாத்தி, அது உள்ளே முட்டையிட்டிருந்தால்?"

"அது ஆண் தவளை, அரசே."

இன்னொரு வாரம் போனது. "ஆண் என்றால் ஜோடி இருக்குமே?" மறுபடியும் வாந்தி, மறுபடியும் ஒரு தவளை.

அரசன் அதை உற்றுப் பார்த்தான். "இது பெண்ணாயிற்றே! அப்படியானால் முட்டை?"

மீண்டும் பட்டினி. அரசன் உண்ணாததால் அரண்மனையில் யாருமே உண்ணவில்லை.

இப்படியே போனால் குளத்தில் தவளையும் மிஞ்சாது, நாட்டில் அரசனும் மிஞ்சமாட்டான். தலை போனாலும் போகட்டும் என்று மாசாத்தி வாயைத் திறந்தாள்.

"மன்னியுங்கள் அரசே. இரண்டு தவளைகளும் நான் கொண்டுவந்தவை. உங்கள் வயிற்றில் எதுவுமே இல்லை."

அரசன் முகம் சிவந்தது. "அன்று பொய் சொன்னாய். இன்று சொல்வது மெய் என்று எப்படி நம்புவேன்?"

மாசாத்திக்குச் சுருக்கென்றது. "என்னை நம்ப வேண்டாம். உங்கள் காதை நம்புங்கள். அமைச்சர் வயிற்றில் காதை வையுங்கள்."

வைத்தான். கொர் கொர்.

காவலன் வயிற்றில் வைத்தான். கொர் கொர்.

சமையற்காரர் தொப்பையில் வைத்தான். கொர்ர்ர்ர்!

"எல்லாருமா தவளை விழுங்கினார்கள்?"

"எல்லாருக்கும் பசி, அரசே!"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். இலை போடச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "இதை முதல் நாளே காட்டியிருக்கலாமே, அம்மா?"

"உங்களுக்குப் புரியவைக்க நேரமாகுமே என்று பயந்தேன். பொய்தான் சட்டென்று கைக்கு வந்தது."

நோயாளியின் நன்மைக்காகவே சொன்னாலும் வைத்தியரின் பொய் அவன் நம்பிக்கையைத் தின்றுவிடும்; பொறுமையாகப் புரியவைத்த உண்மையே நோயைத் தீர்க்கும்.