மைனா பாதியில் நிறுத்திய செய்தி

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் ஓடைக்கரைப் பள்ளம் ஒன்றில் தானியம் சேர்த்து வைத்திருந்தன. மழைக்காலம் முழுவதும் எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. அந்தக் களஞ்சியத்தின் தலைவரான ஆமைக்கு வயதாகிவிட்டது. அடுத்தது யார் என்ற பேச்சு எழுந்ததும் நாச்சி என்ற பெண் அணில் முன்னால் வந்து நின்றாள்.

தனக்குத் தலைவியாக ஆசை என்று வெளிப்படையாகவே சொன்னாள். எல்லாவற்றையும் ஓடைக்கரையில் வைப்பது ஆபத்து, பாதியை மலைப்பாறைக் குகைக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

சாத்தன் என்ற ஆண் அணிலும் போட்டிக்கு வந்தான். அவனிடம் திட்டம் எதுவும் கிடையாது. மீசை மட்டும் நன்றாக இருந்தது.

காட்டுக்குச் செய்தி சொல்வது மைனாவின் வேலை. சாத்தனை அது லட்சியம் உள்ளவர் என்றது. நாச்சியையோ பதவிப் பித்துப் பிடித்தவள், கல்மனசுக்காரி, பிள்ளைகளைக் கூட்டில் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவள் என்று கிளைக்குக் கிளை கதை கட்டியது. சாத்தனுக்கும்தான் பிள்ளைகள் உண்டு. அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே!

ஒருநாள் நாச்சியின் சின்ன மகள், "அம்மா, நீ கெட்டவளா?" என்று கேட்டாள். நாச்சி மகளை இறுக அணைத்துக்கொண்டாள். ஆனாலும் ஆசையை விடவில்லை.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. மேகம் தரைவரை இறங்கியிருந்தது. விலங்குகள் ஆலமரத்தடியில் கூடின. உச்சிக்கிளையில் இருந்த மைனாவுக்கு, வாய் நிறையத் தானியத்தோடு பாறையில் ஏறும் ஓர் அணில் மங்கலாகத் தெரிந்தது. ஆணோ பெண்ணோ, தூரத்திலிருந்து பார்த்தால் அணிலுக்கு முதுகில் மூன்று கோடுதான்.

"சாத்தனைப் பாருங்கள்! பருந்து வட்டமிடும் பாறையில் பயமில்லாமல் ஏறுகிறார். என்ன துணிச்சல்! தலைவர் என்றால் இவரல்லவா தலைவர்!"

கூட்டம் கைதட்டியது. கூட்டத்தோடு சேர்ந்து சாத்தனும் கைதட்டினான்.

முயல் அவனைத் திரும்பிப் பார்த்தது. "மைனா அண்ணே, சாத்தன் இங்கே நிற்கிறாரே?"

அதற்குள் மேகம் விலகியது. பாறைமேல் நின்றவள் நாச்சி. மழைக்கு முன் தானியத்தைக் குகைக்குச் சேர்க்கத் தனியாகவே தொடங்கியிருந்தாள்.

"ஓ, அவளா?" மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "இந்தப் பேராசைக்காரியைப் பாருங்கள்..." செய்தியை அது பாதியில் நிறுத்தியது. கூட்டம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதே அணில், அதே பாறை. இப்போதுதானே துணிச்சல் என்றீர்கள்?" என்றது முயல்.

முதல் தூறல் விழுந்தது. விலங்குகள் பள்ளத்திலிருந்து ஆளுக்கு ஒரு வாய்த் தானியத்தை அள்ளிக்கொண்டு நாச்சியின் பின்னால் ஏறத் தொடங்கின. சாயங்காலத்துக்குள் ஓடை பெருகிப் பள்ளத்தை நிரப்பியது. குகைக்குப் போன பாதி பிழைத்தது. நாச்சி தலைவியானாள்.

மைனா தயங்கித் தயங்கி அவளிடம் வந்தது. ஆண்பிள்ளை போலத் துணிந்தவள் என்று அவளைப் பற்றிக் காடெங்கும் சொல்லப் போவதாகச் சொன்னது.

"ஆண்பிள்ளை போல என்றெல்லாம் வேண்டாம். நாச்சி செய்தாள் என்று சொல். என் மகள் காதில் விழும்படி சத்தமாகச் சொல்," என்றாள் அவள்.

ஆணிடம் துணிச்சல் என்று புகழ்வதையே பெண்ணிடம் பேராசை என்று பழிப்பது அறிவீனம்.